வேட்டை அம்பை வீட்டில் செய்தால் காசு மிச்சமாகுமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வில்வேட்டைப் பருவம் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அம்பைப் பற்றியே கேட்டிருந்தன. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகளாக என் அம்புகளை நானே செய்து வருகிறேன். கீழே வரும் விலைகள் என் கணக்கு நோட்டில் உள்ளவை. அவை கடைக்குக் கடை மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்க் வாசகர்: சென்ற ஆண்டு பயிற்சியிலும் வேட்டையிலுமாக ஒன்பது அம்புகள் வீணாயின. கடையில் ஒரு டஜன் 140 டாலர் கேட்கிறார்கள். தண்டையும் இறகையும் தனித்தனியே வாங்கி ஒட்டினால் பாதி விலையில் முடிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மைதானா?

பதில்: பாதி விலையில் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த நம்பிக்கையில் கருவிகளை வாங்கிக் குவித்துவிட்டு, இரண்டு மாதத்தில் அவற்றைப் பரணில் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

நான் கடைசியாகச் செய்த டஜனின் கணக்கு இது. இறகில்லாத கார்பன் தண்டுகள் பன்னிரண்டு, நாணைக் கவ்வும் நாக்குகளும் முனையைத் திருகுவதற்கான இன்சர்ட்டுகளும் சேர்த்து 90 டாலர். பிளாஸ்டிக் இறகுகள் முப்பத்தாறு, 13 டாலர். பசை 8 டாலர். ஆக மொத்தம் 111 டாலர். அதே தண்டில் கடைக்காரர் செய்து தரும் டஜன் 140 டாலர் என்றால், மிச்சம் 29 டாலர்தான். இறகை நேராகப் பிடித்து ஒட்ட உதவும் ஜிக் என்னும் கருவிக்கு 75 டாலர் கொடுத்தேன். எனவே முதல் டஜனில் மிச்சத்துக்குப் பதிலாக 46 டாலர் கைநட்டம். பசைப் புட்டி இரண்டு மூன்று டஜனுக்கு வரும் என்பதால் இரண்டாவது டஜனில் 37 டாலர் மீளும். அப்போதும் கணக்கில் 9 டாலர் குறையும். மூன்றாவது டஜனில்தான் லாபம் கண்ணில் படும். ஆண்டுக்கு ஒரு டஜன் அம்பு வாங்குகிறவருக்கு இது மூன்று ஆண்டுக் காத்திருப்பு.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொரு வரி என் கண்ணில் பட்டது. வீணான ஒன்பதில் நான்கு காட்டில் தொலைந்தன, மீதி ஐந்தை "இறகு பிய்ந்துவிட்டதால்" தூக்கி எறிந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். ஓர் அம்பின் விலையில் பெரும்பங்கு தண்டுக்கே போகிறது. இறகுக்கு மூன்றில் ஒரு டாலருக்குச் சற்று அதிகம். மூன்று இறகையும் மாற்றினாலும் ஒரு டாலரும் சில காசுகளும்தான் செலவாகும். இதே வேலைக்கு எங்கள் பக்கத்துக் கடையில் அம்புக்கு 4 டாலர் வாங்குகிறார்கள். கோடையில் பயிற்சி தொடங்கியதிலிருந்து பருவம் முடியும்வரை ஏறக்குறைய இருபது அம்புகளுக்கு நான் மறுபடி இறகு ஒட்டுகிறேன். ஜிக்கின் விலை இந்த ஒரே வேலையில், ஒன்றரைப் பருவத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. புதிய அம்பு செய்து அதை மீட்டிருந்தால் மூன்றாவது டஜன்வரை காத்திருந்திருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜிக், ஒரு பசைப் புட்டி, ஒரு பாக்கெட் இறகு, அவ்வளவுதான். எறியாமல் வைத்திருக்கும் பழைய தண்டுகளில் கை பழகுங்கள். தண்டு வெட்டும் ரம்பம் இப்போதைக்கு வேண்டாம். வாங்கும் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று: பயிற்சியின்போது ஒரே புள்ளியைக் குறிவைத்து அம்புக்குமேல் அம்பு விடாதீர்கள். கை தேறத் தேற அம்புகள் ஒன்றையொன்று உரசி இறகையும் நாக்கையும் உடைக்கும். பலகையில் ஐந்து புள்ளிகள் வரைந்து, புள்ளிக்கு ஒன்றாக விட்டால் பழுதுவேலை கண்கூடாகக் குறையும்.

மிச்சிகன் வாசகி: நானே செய்வதென்றால் எந்தத் தண்டை வாங்குவது? 300, 340, 400, 500 என்று எண்கள் போட்டிருக்கிறார்கள். அதோடு ±.001, ±.003, ±.006 என்றும் இருக்கிறது; விலை இரண்டு மடங்குவரை வேறுபடுகிறது.

பதில்: முதல் எண் தண்டின் விறைப்பைச் சொல்கிறது, இதை ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் தண்டைப் படுக்க வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடும்போது தண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளந்து எழுதுகிறார்கள். 0.400 அங்குலம் தாழ்ந்தால் 400. எண் குறையக் குறையத் தண்டு விறைப்பு கூடும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

நாணை விட்டதும் அம்பு நேர்கோட்டில் கிளம்புவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் முனையின் எடை தடுக்க, தண்டு வளைந்து நிமிர்ந்து வளைந்தே வில்லைத் தாண்டிப் போகிறது. அந்த வளைவு வில்லின் வலிமைக்குப் பொருந்த வேண்டும். 60 பவுண்டு வலிமையுள்ள, கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லும், 28 அங்குல அம்பும், 100 கிரெய்ன் முனையும் வைத்திருப்பவருக்குத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் பெரும்பாலும் 400-ஐக் காட்டும். 70 பவுண்டுக்குப் போனால் 340. தண்டை நீளமாக விட்டாலும் முனையின் எடையைக் கூட்டினாலும் அதே தண்டு மெலிந்ததுபோல் நடந்துகொள்ளும். வெட்டிச் சுருக்கினால் விறைக்கும். எனவே வில்லின் வலிமை, அம்பின் நீளம், முனையின் எடை ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பாருங்கள். இதில் தவறிவிட்டு இறகில் சரிசெய்ய முயல்வது வீண்.

இரண்டாவது எண் தண்டின் நேர்த்தி. அங்குலத்தில் எவ்வளவு கோணல் அனுமதி என்பதைச் சொல்கிறது. இங்கே தாராளமாக மிச்சம் பிடியுங்கள். 70 மீட்டர் தொலைவில் போட்டியிடுகிறவருக்கு .001 தேவைப்படலாம். மரத்தின்மேல் அமர்ந்து 20 கஜத்தில், மிஞ்சினால் 30 கஜத்தில் மானைக் குறிபார்க்கும் நமக்கு .006 தண்டு போதும். தண்டின் கோணல் பெரும்பாலும் இரு நுனிகளில்தான் இருக்கும். முழு நீளத் தண்டை வாங்கி, வேண்டாத நீளத்தை ஒரே பக்கம் வெட்டாமல் இரு பக்கமும் பகிர்ந்து வெட்டச் சொன்னால், மலிவான தண்டு விலையுயர்ந்த தண்டுக்கு அருகில் வந்துவிடும். எனக்குத் தெரிந்து அம்பு செய்வதில் காசு செலவில்லாமல் தரம் கூடும் ஒரே இடம் இது.

நேர்த்தியைவிட நான் கவலைப்படுவது எடை ஒற்றுமையைப் பற்றி. அம்பை கிரெய்ன் என்னும் அளவில் நிறுப்பார்கள். ஒரு கிராம் ஏறக்குறைய 15.43 கிரெய்ன். என்னிடமுள்ள ஒரு தொகுதியின் கணக்கு இது: அங்குலத்துக்கு 9 கிரெய்ன் வீதம் 28 அங்குலத் தண்டு 252, இன்சர்ட் 25, முனை 100, நாக்கு 9, மூன்று இறகுகள் 18, ஆக 404 கிரெய்ன். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் குறைந்த அம்பை விடக்கூடாது என்பது வில் தயாரிப்பாளர்களின் பொதுவான எச்சரிக்கை. 70 பவுண்டு வில்லுக்கு அது 350 கிரெய்ன். அதைவிட இலேசான அம்பை விடுவது வெறும் நாணை இழுத்து விடுவதற்குச் சமம், வில்லே உடையலாம். சமநிலையையும் பார்த்துவிடுங்கள். அம்பை விரலில் நிறுத்தி, நாக்கின் பள்ளத்திலிருந்து சமநிலைப் புள்ளிவரை அளந்தால் என் அம்பில் 17.6 அங்குலம் வருகிறது. நீளத்தில் பாதியான 14-ஐக் கழித்தால் 3.6, அதை 28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 சதவீதம்வரை முன்பாரம் இருந்தால் போதுமானது.

டல்லாஸ் வாசகர்: தண்டை இரும்பறுக்கும் ரம்பத்தாலோ குழாய் வெட்டும் கருவியாலோ வெட்டலாமா?

பதில்: கார்பனை அப்படி வெட்டவே வெட்டாதீர்கள். பல் வைத்த ரம்பம் இழைகளைப் பிய்த்துவிடும். குழாய் வெட்டி தண்டை நசுக்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். அதிவேகத்தில் சுழலும் உராய்வுத் தகடுதான் இதற்குரியது. வெட்டும்போது தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பறக்கும் கரித்தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகமூடி அணியுங்கள். வெட்டுமிடத்தில் தூளை உறிஞ்சும் குழாயை வையுங்கள். முடிந்தபின் ஈரத்துணியால் துடையுங்கள். சமையலறையில் இந்த வேலை வேண்டாம். வெட்டிய முகம் செங்குத்தாக இருக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய முகத்தில் பேனாவால் மை தடவி, சதுரம் பார்க்கும் கல்லில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால், மேடான இடத்தில் மட்டும் மை அழியும். முகம் முழுவதும் சீராக அழியும்வரை தேயுங்கள்.

இன்சர்ட்டை ஒட்டுவதற்கு அலுமினியத் தண்டில் சூட்டில் உருகும் பசை நன்றாகவே வேலை செய்யும். கார்பனில் அதிகச் சூடு பிசினைக் கெடுத்துவிடும்; இரண்டு கலவைகளைக் கலந்து பூசும் எப்பாக்ஸியே பாதுகாப்பானது. ஓரிரவு காயவிடுங்கள்.

சிகாகோ வாசகர்: ஒட்டிய இறகுகள் மழையில் ஒவ்வொன்றாக உரிந்து விழுகின்றன. பசை மட்டமா?

பதில்: பசையைக் குறைசொல்லும் முன் உங்கள் விரலைப் பாருங்கள். நான் செய்த முதல் டஜனும் இப்படித்தான் போயிற்று. நவம்பர் மாத ஈரக் காலையில் அம்புக்கூட்டைத் திறந்தால், பன்னிரண்டில் ஏழு அம்புகள் இரண்டு இறகோடு நின்றன. மூன்றாவது இறகுகள் கூட்டின் அடியில் கிடந்தன. அந்த நாள் வேட்டை அத்தோடு முடிந்தது. நல்ல பசையைத்தான் பூசியிருந்தேன். துடைத்து வைத்த தண்டை மறுபடி கையால் பிடித்ததுதான் பிழை. விரலின் எண்ணெய்ப்பசை ஒன்றே போதும்.

இப்போது நான் செய்யும் முறை இது. தண்டின் பின்பகுதியைப் பாத்திரம் தேய்க்கும் தூளும் தண்ணீரும் கொண்டு மெல்லத் தேய்த்துக் கழுவுகிறேன். கழுவிய இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாக விரிந்து ஓடினால் சுத்தமாகிவிட்டது. காய்ந்ததும் 91 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத்தால் ஒருமுறை துடைப்பேன். அதன்பின் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. தண்டை முனைப்பக்கத்தில் பிடித்தே ஜிக்கில் வைக்கிறேன். இறகின் அடிப்பகுதியையும் அதே காகிதத்தால் துடைப்பதுண்டு.

பசையை மெல்லிய ஒரே கோடாக இழுக்க வேண்டும். நிறையப் பூசினால் நிறையப் பிடிக்கும் என்று தோன்றும்; உண்மையில் பசை பக்கவாட்டில் பிதுங்கி, நடுவில் காயாமல் கிடக்கும். இறகைப் பற்றிய கவ்வியை ஜிக்கின் காந்தத்தில் ஒட்டவைத்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அழுத்திக்கொண்டே இறக்கி, பசைப் புட்டியில் சொல்லியிருக்கும் நேரம்வரை அசைக்காமல் விடுங்கள். கவ்வியைக் கழற்றியபின் ஒவ்வோர் இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். இலக்கைத் துளைக்கும்போதும் ஈரப்புல்லை உரசும்போதும் இறகு முன்நுனியிலிருந்துதான் உரியத் தொடங்குகிறது. அந்த ஒரு சொட்டு அதைத் தடுக்கும்.

மினசோட்டா வாசகர்: பிளாஸ்டிக் இறகா, பறவை இறகா? எத்தனை ஒட்டுவது, நேராகவா சாய்வாகவா? தோட்டத்தில் பருந்து, வாத்து இறகுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் இன்னும் மிச்சமாகுமே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அவற்றை எடுக்காதீர்கள். இடம்பெயரும் பறவைகள் பற்றிய 1918-ஆம் ஆண்டுச் சட்டம் பருந்து, ஆந்தை முதலிய பறவைகளின் இறகு கீழே கிடந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. கழுகுக்கு 1940-இல் தனிச் சட்டமே வந்தது. அமெரிக்காவில் அம்புக்குப் பயன்படுவது வான்கோழியின் சிறகிலுள்ள நீண்ட இறகு. அது அந்தச் சட்டத்துக்குள் வராது. பிடிப்பும் அதில்தான் நன்றாக இருக்கிறது. வான்கோழி வேட்டையாடும் நண்பர் இருந்தால் இரண்டு சிறகுகளைக் கேட்டு வாங்குங்கள். காம்பைப் பிளந்து, அடிப்பகுதியைத் தேய்த்துச் சமமாக்கி, வடிவ அச்சில் வைத்து வெட்டும் வேலைக்குப் பொறுமை வேண்டும். ஆனால் இறகுச் செலவு அடியோடு ஒழியும்.

வலச்சிறகு இறகும் இடச்சிறகு இறகும் எதிரெதிர்ப் பக்கமாக வளைந்தவை. ஒரே அம்பில் இரண்டையும் கலந்தால் அவை ஒன்றையொன்று எதிர்த்துக்கொள்ளும். அம்பு சீராகச் சுழலாது. வலச்சிறகுக்கு வலப்பக்கம் முறுக்கும் கவ்வி, இடச்சிறகுக்கு இடப்பக்கம் முறுக்கும் கவ்வி என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். பிளாஸ்டிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

காம்பவுண்ட் வில்லுக்கு இரண்டு அங்குல நீளமும் நல்ல உயரமும் உள்ள பிளாஸ்டிக் இறகு போதுமானது. மழையில் அதற்கு ஒன்றும் ஆகாது. நீண்ட வில்லிலும், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லிலும் அம்பைக் கைமேலோ தாங்குதிட்டின் மேலோ வைத்து விடுகிறவர்களுக்குப் பறவை இறகுதான் தேவை. அது வில்லில் உரசும்போது மடிந்து கொடுக்கும். பிளாஸ்டிக் மோதி அம்பைத் தூக்கி எறிந்துவிடும். அப்படி விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காம்பின் முன்நுனி கூர்மையாகத் துருத்திக்கொண்டிருந்தால், அம்பு கையைக் கடக்கும்போது ஆள்காட்டி விரலின் மேல்தோலை நூல்போலக் கிழித்துக்கொண்டு போகும். நுனியைச் சரிவாகத் தேய்த்து, நூலால் நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, மேலே பசை பூசுங்கள்.

மூன்று இறகுகளை 120 பாகை இடைவெளியில், நாக்கிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளி ஒட்டுவது பொது வழக்கம். பயிற்சி முனைக்கு நேர் ஒட்டலே போதும். பிராட்ஹெட் எனப்படும் வெட்டுமுனையைப் பொருத்தினால் முன்பக்கத்துத் தகடுகளே சிறகுபோல் காற்றைப் பிடித்து அம்பைத் திசைமாற்றப் பார்க்கும். அதை அடக்கப் பின்னால் சுழற்சி வேண்டும். வேட்டைக்கென்றால் முறுக்கியே ஒட்டுங்கள்.

ஜிக் வாங்கும்போது ஒரு தடவைக்கு ஓர் இறகு ஒட்டும் பிட்சன்பர்கர் போன்ற உலோகக் கருவி விலை கூடுதல். ஆனால் தலைமுறைக்கும் உழைக்கும். மூன்று இறகையும் ஒரே தடவையில் ஒட்டும் அரிசோனா ஈஸி ஃபிளெட்ச் வகை வேகமானது, விலையும் குறைவு. முறுக்கின் அளவை மட்டும் நம் விருப்பத்துக்கு மாற்ற இயலாது. பழுதுபார்ப்பதே முதல் நோக்கம் என்பதால், உங்களுக்கு நான் முதல் வகையையே சொல்வேன். ஓர் இறகு மட்டும் பிய்ந்த அம்பில் அந்த ஒன்றை மட்டும் மாற்ற அது வசதி.

நியூ ஜெர்சி வாசகர்: மரத்தில் மோதிய கார்பன் அம்பில் மெல்லிய கோடு தெரிகிறது. டேப் ஒட்டிப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இன்றே இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். வெடித்த கார்பன் தண்டு நாண் தள்ளும் கணத்தில் சிதறி, வில்லைப் பிடித்திருக்கும் கையில் ஈட்டிபோல் ஏறும். கரி இழைகளைச் சதையிலிருந்து எடுப்பது அறுவை மருத்துவருக்கே கடினமான வேலை. ஒவ்வொரு முறை அம்பை விட்டபின்னும் இரு கையாலும் பிடித்து, உடலிலிருந்து விலக்கி, நான்கு பக்கமும் இலேசாக வளைத்துப் பாருங்கள். நெறிக்கும் ஓசை கேட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. நாக்கில் கீறல் இருந்தாலும் அப்படியே. ஒரு டாலருக்கும் குறைந்த நாக்கு உடைந்தால், வெறும் நாணை விட்ட அதிர்ச்சி முழுவதும் வில்லுக்கு இறங்கும். எந்தச் சிக்கனமும் இந்த இரண்டு இடத்திலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரிகன் வாசகர்: மர அம்பு செய்தால் செலவு குறையுமா? எங்கள் மாநிலத்து மரமே இதற்குப் பெயர்பெற்றது என்கிறார்களே?

பதில்: ஆம், ஒரிகனின் தென்மேற்குக் கடலோரத்திலும் அதை ஒட்டிய கலிபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபோர்ட் செடார் மரம்தான் அது. இலேசானது, நேராகப் பிளப்பது, வெட்டினால் மணம் வீசுவது. டக் ஈஸ்டன் 1922-இல் அம்புத் தொழிலைத் தொடங்கியபோது மர அம்பைத்தான் செய்தார். அலுமினியத்துக்கு அவர் போனது 1939-இல்.

இந்த நாட்டின் இன்றைய வில்வேட்டைக்கு வேர் அதற்கும் முன்னால் இருக்கிறது. யாஹி மக்களில் கடைசியாக எஞ்சிய இஷி 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வெளிப்பட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த ஆண்டுகளில், அங்கிருந்த அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் செய்யவும் அம்பு செய்யவும் கற்றுக்கொடுத்தார். இறகைத் தண்டோடு மான் நரம்பால் சுற்றிக் கட்டியவர் இஷி. 1916-இல் காசநோயால் இறந்தார். தம் இனத்தார் அனைவரையும் இழந்த ஒருவர், தம் கைத்தொழிலை மறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

செலவைப் பொறுத்தவரை மரத்தண்டு கார்பனைவிட மலிவு, வேலையோ அதிகம். விறைப்பை அளக்கும் முறையே வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, விடையும் பவுண்டில் வரும். நாக்கைப் பொருத்த 11 பாகைச் சரிவும் முனை பொருத்த 5 பாகைச் சரிவும் பென்சில் சீவும் கருவி போன்ற ஒன்றால் சீவ வேண்டும். நாக்கின் பள்ளம் மரத்தின் வளையங்களுக்குக் குறுக்காக அமைய வேண்டும்; அப்போதுதான் தண்டின் விறைப்பான பக்கம் வில்லை ஒட்டி நிற்கும். கோணலை அடுப்பின் மேல் இலேசாகச் சூடுகாட்டிக் கையாலேயே நிமிர்த்தலாம். பாலிஷ் பூசிக் காயவிட ஒரு வாரம் ஆகிவிடும். ரிகர்வ், நீண்ட வில் வைத்திருப்பவர்கள் மட்டும் செய்யுங்கள். காம்பவுண்ட் வில்லில் மர அம்பை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த விசையை மரம் தாங்காது.

தேனி வாசகர்: தமிழ்நாட்டில் இப்படி அம்பு செய்து காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக முடியுமா?

பதில்: முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனால் வில்வித்தைப் போட்டிக்கு அம்பு செய்ய எந்தத் தடையும் இல்லை. இந்தியன் ரவுண்ட் என்னும் பிரிவில் மூங்கில் வில்லும் அம்பும் கொண்டு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் போட்டியிடுகிறார்கள். இறகு ஒட்டுவது, எடை பொருத்துவது, தண்டின் விறைப்பைத் தேர்வது பற்றி மேலே சொன்னவை அங்கும் பயன்படும்.

ஹாரிஸ்பர்க் வாசகர்: வெட்டுமுனையிலும் காசு மிச்சம் பிடிக்க வழி உண்டா? நாமே செய்தால் அம்புக்கான வரியும் தப்புமா?

பதில்: வரி தப்பாது. வேட்டைப் பொருட்களின் வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்க 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்கீழ் வில்வித்தைப் பொருட்களை 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இப்போது வரி தண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று, தண்டின்மீதே விழுகிறது. 39 காசில் தொடங்கி விலைவாசியோடு ஏறிவருகிறது. வெட்டுமுனைக்கு 11 சதவீதம். தயாரிப்பாளரிடமே வசூலித்துவிடுவதால், இறகில்லாத தண்டு வாங்கினாலும் அந்தத் தொகை விலைக்குள் இருக்கும். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கும் வேட்டைக் கல்விக்கும் திரும்பி வருகிறது என்பதால், எனக்கு அதைக் கொடுப்பதில் வருத்தம் இல்லை.

வெட்டுமுனையில் மிச்சம் பிடிக்கலாம், கூர்மையில் மட்டும் கூடாது. தகடு மாற்றும் வகையில் தகடுகளை மட்டும் வாங்குங்கள். ஒரே எஃகுத் துண்டாக வருவது விலை கூடுதல் என்றாலும், சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிப் பல ஆண்டு ஓட்டலாம். பயிற்சிக்கு ஒரு முனையையும் பழைய தகடுகளையும் ஒதுக்கிவைத்து, வேட்டைக்குப் போகும் முனை முடியைச் சிரைக்கும் கூர்மையில் இருக்குமாறு பாருங்கள். மழுங்கிய முனை விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். அந்த வேதனைக்கு நாம்தான் பொறுப்பு. நம் பென்சில்வேனியா மாநில விதிப்படி முனையின் அகலம் குறைந்தது எட்டில் ஏழு அங்குலமும், வில்லின் வலிமை குறைந்தது 35 பவுண்டும் இருக்க வேண்டும். வேட்டை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிப்புத்தகத்தை, பொருள் வாங்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முனையைத் திருகும்போது குறடு பயன்படுத்துங்கள், விரலால் தொடாதீர்கள். திருகியபின் அம்பைச் செங்குத்தாக நிறுத்தி, முனையை ஒரு மரக்கட்டைமேல் ஊன்றி, நாக்கின் பக்கம் பிடித்து பம்பரம்போல் சுழற்றுங்கள். தண்டும் முனையும் சேருமிடத்தை மட்டும் பாருங்கள். அசையாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் அது வேட்டை அம்பு. தள்ளாடினால் முனையை வேறு தண்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் தள்ளாடினால் முனை வளைந்திருக்கிறது, இல்லையென்றால் முதல் தண்டின் வெட்டுமுகம் கோணல். கோணலான தண்டில் பயிற்சி முனையைத் திருகி, நாக்கின் அருகே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, இலக்குப் பலகைக்கு ஒதுக்கிவிடுங்கள்.